காணாமற்போனவனைத் தேடியது யார்?
துப்பறியும் கதையின் பென்ஷன் போலீஸும், முதனை ராஜாக்கண்ணுவும்

ஒரு சின்ன ஊர். ஒரு நாள் ராத்திரி அந்த ஊரில் ஓர் ஆள் காணாமற் போகிறான். உள்ளூர்ப் போலீஸ் கையை விரிக்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பழைய போலீஸ் அதிகாரி ஒருவர் அப்போது கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வேலைக்காரியை மிரட்டி விசாரிக்கிறார். தோட்டக்காரனைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். சேற்றில் பதிந்த காலடியை அளக்கிறார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, குற்றவாளி இன்னார் என்று விரலை நீட்டுகிறார். ஊரில் அமைதி திரும்புகிறது. அவரும் தோட்டத்துக்குத் திரும்புகிறார். சுபம்!

இந்தக் கதையை நம்மில் படிக்காதவர் யார்? பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் படித்தோம். இன்று கைப்பேசியில் தொடராகப் பார்க்கிறோம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் ஒரு தொழிலாளி துப்பறியும் கதை படித்தால் அதைக் குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை. உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. ஏழை ஒருவன் காணாமற் போனால், அவனைத் தேடிக் கிளம்புகிறவர் பென்ஷன் வாங்கும் போலீஸ் அதிகாரிதானா? நம்முடைய ஜில்லாவில் நடந்தது என்ன?

முதனையில் நடந்தது

கற்பனை வேண்டாம், நடந்ததையே சொல்வோம். 1993 மார்ச் மாதம். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென் ஆற்காடு ஜில்லா. விருத்தாசலம் பக்கத்திலுள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்தவர் ராஜாக்கண்ணு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. ஒரு வீட்டில் நகை திருட்டுப் போயிற்று என்று புகார். உடனே கம்மாபுரம் போலீஸ் ராஜாக்கண்ணுவைத் தேடி வந்தது. அவரையும் அவருடைய உறவினர்களையும் பிடித்துக்கொண்டு போய் அடித்தது. பிறகு ஒரு நாள் போலீஸ் சொன்னது: "ராஜாக்கண்ணு லாக்கப்பிலிருந்து தப்பி ஓடிவிட்டான்."

அடித்து நொறுக்கப்பட்டவன் போலீஸ்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவிட்டானாம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? அவருடைய மனைவி பார்வதி அதை நம்பவில்லை. அவருக்குப் படிப்பில்லை, பணமில்லை, சிபாரிசு இல்லை. ஆனால் தன் புருஷன் எந்த நிலையில் கிடந்தான் என்பது அவருக்குத் தெரியும். அப்படிக் கிடந்தவன் ஓட முடியாது என்பதும் தெரியும். துப்பறியும் கதைக்காரர்கள் 'தடயம்' என்று சொல்கிறார்களே, அந்தத் தடயம் முதலில் இருந்தது இந்தப் பெண்ணின் கையில்தான்.

பார்வதி போய் நின்றது எந்த ஓய்வு பெற்ற அதிகாரியின் வாசலிலும் அல்ல. அதே பகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியில் வேலை செய்துவந்த தோழர் கோவிந்தனிடம் போய்ச் சொன்னார். போலீஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கட்சி வழக்கைக் கையில் எடுத்தது. சென்னையில் அன்று வக்கீலாக இருந்தவரும் பின்னாளில் ஹைகோர்ட் நீதிபதியானவருமான கே. சந்துரு மூலம் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. "ஓடிவிட்டான் என்கிறீர்களே, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்!" என்பதுதான் அந்த மனுவின் சாரம்.

ஆளைக் கொண்டுவர முடியவில்லை. ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம், அன்றைய திருச்சி ஜில்லாவில் சேர்ந்த மீன்சுருட்டிப் பகுதியில், 'அடையாளம் தெரியாத' ஒரு பிணம் கிடந்தது. அது ராஜாக்கண்ணு! லாக்கப்பில் அடித்துக் கொன்று, உடலை எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஓடிப்போனதாகக் கதை கட்டியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். வழக்கு 13 வருஷம் இழுத்தது. 2006ல் 5 போலீஸாருக்குத் தண்டனை கிடைத்தது.

காணாமற்போனவனைத் தேடியது அவன் மனைவி. துணைக்கு நின்றது கட்சித் தோழர். காணாமற் போகச் செய்தது போலீஸ். கதை தலைகீழாக இருக்கிறதா, இல்லையா?

இரண்டு கோவிந்தன்கள்

தமிழில் துப்பறியும் கதை புதிதல்ல. 1894லேயே நடேச சாஸ்திரி தானவன் என்ற ஒரு 'போலீஸ் நிபுண'னைப் பற்றிப் புத்தகம் போட்டார். தமிழின் முதல் துப்பறியும் நாயகனே போலீஸ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1908ல் ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலை எழுதினார். அதில் வந்த துப்பறியும் கோவிந்தன் தமிழ்நாடு முழுவதும் பிரசித்தம். பல பதிப்புகள் விற்றன, சினிமாவாகவும் வந்தது. பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால் என்று வரிசையாக வந்தார்கள். தமிழ் வாசகன் இவர்களையெல்லாம் சொந்தக்காரர்களைப் போல அறிவான்.

கதையில் வந்த அந்தக் கோவிந்தனைத் தெரிந்த தமிழ்நாட்டுக்கு முதனைக் கோவிந்தனைத் தெரியாது. நூறு வருஷத்துக்கும் மேலாகத் துப்பறியும் கதை எழுதிவந்த தமிழில், கூலிக்காரன் காணாமற் போனதைத் தேடிப் போகும் சங்கத்து ஆள் ஒருவன் நாயகனாக நின்ற கதைகள் எத்தனை? பிரபலமான வரிசையில் ஒன்றுகூட நம் கண்ணுக்குப் படவில்லை. அந்தக் கதைகளில் நாம் வராமலில்லை. வேலைக்காரனாக, காவல்காரனாக, வண்டிக்காரனாக வருகிறோம். முதல் அத்தியாயத்தில் சந்தேகத்துக்கு ஆளாகிறோம். கடைசி அத்தியாயத்தில் எஜமானுக்குச் சலாம் போடுகிறோம்.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது?

மூலச் சரக்கு சீமையிலிருந்து வந்தது. 1868ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்ற நாவலை ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு முன்னோடி என்பார்கள். அதில் வரும் சார்ஜன்ட் கஃப், போலீஸ் வேலையை விட்டு ஓய்வு பெற்று ரோஜா வளர்க்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர். நாம் முதலில் சொன்ன தோட்டக்காரத் துப்பறிவாளரின் பாட்டனார் இவர்தான்! அவர் எந்தத் திருட்டை விசாரிக்கிறார்? ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் அறையிலிருந்து வைரம் காணாமற் போனதை. அந்த வைரம் சீமைக்கு எப்படிப் போயிற்று? 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவன் கொலை செய்து கொள்ளையடித்தது அது! இந்தக் கொள்ளையைக் காலின்ஸ் மறைக்கவில்லை. கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவரைப் பின்பற்றியவர்கள் ரோஜாச் செடியை எடுத்துக்கொண்டார்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுவிட்டார்கள்.

அகதா கிறிஸ்டி 1920ல் கொண்டுவந்த பாய்ரோவும் ஓய்வு பெற்ற பெல்ஜியப் போலீஸ்காரரே. 1926ல் வந்த கதையில் அவர் ஒரு கிராமத்துக்குப் போய்க் காய்கறி போடுகிறார், கொலை நடக்கிறது, கிளம்பிவிடுகிறார்.

இவையெல்லாம் பாவமறியாத பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு இன்னொரு கதையைச் சொல்கிறோம். சுரங்கத் தொழிலாளர்களின் கதை. அமெரிக்காவில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களை ஒடுக்க, ரயில்வே-நிலக்கரிக் கம்பெனியின் தலைவர் கோவன் என்பவர், பிங்கர்ட்டன் துப்பறியும் கம்பெனிக்குப் பணம் கொடுத்து ஓர் உளவாளியைத் தொழிலாளர்களுக்குள் நுழைத்தார். அந்த உளவாளியின் சாட்சியத்தை முக்கிய ஆதாரமாக வைத்து, 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கம்பெனித் தலைவர் கோவனே கோர்ட்டில் சர்க்கார் தரப்பு வக்கீலாகவும் நின்று வாதாடினார்! முதலாளியே உளவாளியை அனுப்பினான். முதலாளியே வழக்கை நடத்தினான். தொழிலாளி தூக்கில் தொங்கினான். தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான ஜான் கேஹோவுக்குப் பென்சில்வேனியா கவர்னர் 1979ல் மன்னிப்பு வழங்கினார். உயிர் போய் 100 வருஷம் கழித்து மன்னிப்பு!

ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய கானன் டாயில் இந்தச் சம்பவத்தை வைத்து 1914-15ல் ஒரு நாவல் எழுதினார். அதில் வீரன் யார்? பிங்கர்ட்டன் உளவாளி! சுரங்கத் தொழிலாளர்கள் யார்? கொலைகாரக் கூட்டம்! லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்தார்கள். தொழிற்சங்கம் என்றால் ரகசியக் கொலைச் சதி என்ற விஷம் இப்படித்தான் பொழுதுபோக்கோடு கலந்து ஊட்டப்பட்டது.

நம் ஊர்த் 'துப்பறிதல்'

நம் மண்ணில் வெள்ளைக்காரன் நடத்திய துப்பறிதலைப் பார்ப்போம். 1855ல் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் விரலில் கிட்டி போட்டு நெரிப்பது, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் முதலியவை நடப்பதாக சர்க்காரின் கமிஷனே எழுதியது. சர்க்காரின் இந்த விசாரணை விவரங்களை ஆதாரமாகக் காட்டி, 1857ல் நியூயார்க் பத்திரிகையில் காரல் மார்க்ஸ் ஆங்கில ஆட்சியைத் தோலுரித்தார்.

அடுத்து 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. குறவர் முதலான சமூகங்களில் பிறந்த குழந்தையே குற்றவாளி என்று எழுதிவைத்தார்கள். 1947ல் சென்னை மாகாணத்திலும் 1952ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்தது. போலீஸ் நிலையத்தின் புத்தியிலிருந்து ஒழிந்ததா? நகை காணோம் என்றதும் 1993ல் ராஜாக்கண்ணுவின் குடிசைக்கு நேராகப் போலீஸ் போனதே, அதற்கு வழிகாட்டியது எந்தக் காலடித் தடம்? 1871ம் வருஷத்துக் காலடித் தடம்தான்!

கடலூருக்கே உரிய இன்னொரு உதாரணமும் உண்டு. புதுச்சேரியில் பாரதி இருந்த 10 வருஷமும் பிரிட்டிஷ் சி.ஐ.டி.க்காரர்கள் அவரைச் சுற்றி வந்தார்கள். 1918 நவம்பர் 20ந் தேதி அவர் எல்லை தாண்டி வந்ததும் பிடித்துக் கடலூரில் சிறை வைத்தார்கள். கவிஞன் பின்னால் நிழலாக அலைவதற்குத் துப்பறியும் இலாகா இருந்தது. கிட்டி போட்டு நெரித்தவனைக் கண்டுபிடிக்க இலாகா இல்லை.

அதற்கும் முன்னால், சிதம்பரத்துக்குப் போன ஆதனூர் நந்தனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சேரியில் பிறந்த உழைப்பாளி, தில்லைக் கோயிலுக்குள் போக ஆசைப்பட்டான், தீயில் இறங்கினான், அதிலிருந்து எழுந்து கோயிலுக்குள் போன பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை என்றுதான் புராணமே சொல்கிறது. பக்தியோடு கேட்பவர்கள் ஜோதியில் கலந்தான் என்கிறார்கள். அவன் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது, தீயை மூட்டியவர்கள் யார் என்று கேட்கும் உரிமை, அவனைப் போல நாற்று நட்டுப் பிழைக்கும் நமக்கு உண்டு. எந்தத் துப்பறியும் கதையும் அந்தக் கேள்வியைத் தொடவில்லை.

ஏன் 'ஓய்வு பெற்ற' போலீஸ்?

கதைக்காரர்கள் ஏன் வேலையிலிருக்கும் போலீஸை விட்டு, ஓய்வு பெற்றவரைத் தேடிப் பிடிக்கிறார்கள்? வேலையிலிருக்கும் போலீஸை ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். லத்தியையும் மாமூலையும் லாக்கப்பையும் கண்ணால் கண்ட ஜனங்கள்! ஆகவே தொப்பியைக் கழற்றி, சட்டையை மாற்றி, தலைமுடியை நரைக்க வைத்து, அதே ஆளைத் தாத்தாவாக நம் முன்னால் நிறுத்துகிறார்கள். இலாகா கெட்டுப்போயிருக்கலாம், ஆனால் இலாகாவில் இருந்த நல்ல மனிதர் வந்து நியாயம் செய்வார் என்று நம்பச் சொல்கிறார்கள். அவர் சர்வீஸில் இருந்த 30 வருஷத்தில் அந்த ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று கதை கேட்பதில்லை.

இந்த நம்பிக்கையால் லாபம் யாருக்கு? குற்றம் என்பது ஒரு தனி ஆளின் பேராசை, பொறாமை, பைத்தியம் என்று ஆகிவிடுகிறது. அவனைப் பிடித்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடுகிறது. பண்ணையாரின் நிலம் பண்ணையாரிடமே இருக்கிறது. மில் முதலாளியின் மில் அவரிடமே இருக்கிறது. கூலி அதே கூலி. ஊர் ஜனங்களின் வேலை வாய் பிளந்து கேட்பது. கூட்டம் போடுவது, மனுக் கொடுப்பது, மறியல் செய்வது எதற்கும் கதையில் இடமில்லை. ஒருவர் யோசிப்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். காத்திரு என்பதுதானே ஆளும் வர்க்கம் நமக்குச் சொல்லும் புத்திமதி!

நல்ல அதிகாரியே இல்லையா?

இல்லை என்று நாம் சொல்லவில்லை. மனசாட்சியுள்ள அதிகாரிகள் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் போலீஸ் அடித்தபோது, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ் பயத்தை மீறி மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்னார். அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் கவனியுங்கள்: அவர் ஓய்வு பெற்றுத் தோட்டம் போட்டவரல்ல, சாதாரண ஊழியர். வியாபாரிகள் கடையடைத்து, நாடு முழுவதும் குரல் எழும்பி, ஹைகோர்ட் தானாக முன்வந்து, மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பிய பிறகு அந்தச் சாட்சியம் பதிவாயிற்று. ஜனங்கள் எழுந்து நின்றால் நல்ல அதிகாரிக்கும் முதுகெலும்பு கிடைக்கிறது.

முதனை வழக்கைத் தழுவி 2021ல் த. செ. ஞானவேல் எடுத்த 'ஜெய் பீம்' படத்தை நாம் வரவேற்கிறோம். லாக்கப்பின் உள்ளே நடப்பதைக் கோடிக்கணக்கான ஜனங்களுக்குக் காட்டிய படம் அது. ஆனால் அதிலும் வெளிச்சம் பெரும்பாலும் வக்கீல் மேல் விழுகிறது. அவரே துப்பறிகிறார், அவரே சாட்சியைத் தேடுகிறார், அவரே வெல்கிறார். பாதிக்கப்பட்ட பெண்ணை வக்கீலிடம் கொண்டு சேர்ப்பவர் படத்தில் ஓர் ஆசிரியை. உண்மையில் அந்த வேலையைச் செய்த கிராமத்துத் தோழரை ஜனங்கள் அறிந்தது படம் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் முதனைக்குத் தேடிப்போனபோதுதான். வக்கீல் சந்துருவின் பங்கு பெரியது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். ஆனால் கிராமத்திலிருந்து உண்மையைச் சுமந்துகொண்டு போக ஆளில்லாவிட்டால் எந்த வக்கீல் என்ன செய்ய முடியும்?

படிக்க வேண்டாம் என்கிறோமா?

இல்லை! துப்பறியும் கதையில் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதை நம்பாதே, ஆதாரம் கேள் என்று அது கற்றுக்கொடுக்கிறது. அந்தக் குணத்தை நாம் எடுத்துக்கொள்வோம். டாஷியல் ஹாமெட் என்ற அமெரிக்கர் அதே பிங்கர்ட்டன் கம்பெனியில் துப்பறியும் வேலை பார்த்தவர். உள்ளேயிருந்து பார்த்ததால் கம்பெனியையும் போலீஸையும் பற்றிய பிரமை அவருக்கு இல்லை. 1929ல் வந்த அவருடைய முதல் நாவலில், வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி கொண்டுவந்த ரவுடிகளே ஒரு சுரங்க நகரத்தைப் பிடித்து ஆட்டுவதை எழுதினார். 1951ல் தன் அமைப்புக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரைக் காட்டிக்கொடுக்க மறுத்து ஜெயிலுக்குப் போனார்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார், ஆந்திராவில் குண்டூர்ப் போலீஸிடம் தான் பட்டதை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். அதிலிருந்து 'விசாரணை' என்ற படம் பிறந்தது. விசாரிக்கப்பட்டவனே விசாரணையைப் பற்றி எழுதிய புத்தகம் அது. பென்ஷன் போலீஸ் கதைகள் பத்துப் படிக்கும்போது இதில் ஒன்றாவது படியுங்கள். சங்க வாசகசாலையில் வாங்கி வையுங்கள்.

துப்பறிவது நம் வேலை

ராஜாக்கண்ணுவின் கதை 1993ஓடு முடிந்துவிட்டதா? 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரம் கோயிலில் ஒரு பக்தையின் நகை காணோம் என்று புகார். கோயில் காவலாளியான இளைஞரைப் போலீஸ் பிடித்து அடித்தது. அவர் செத்தார். 32 வருஷம் கழித்தும் அதே நகை, அதே ஏழை, அதே அடி! இந்த முறை, அடித்ததை யாரோ ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். அந்தப் படம் வெளியே வந்ததால் உண்மையைப் புதைக்க முடியவில்லை. துப்பறிந்தவர் யார்? பக்கத்தில் நின்ற சாதாரண மனிதர்!

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு சங்கக் கிளையும் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட விதிகள் இருக்கின்றன. கைது செய்தால் நேரமும் தேதியும் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும்; அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணிக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 22வது பிரிவுப்படி, வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும், 60 தாண்டியவர்களையும் சாட்சி விசாரணை என்று சொல்லி ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. ஸ்டேஷன்களில் காமிரா வைத்துப் பதிவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது.

விதி ஏட்டில் இருக்கிறது. அதை ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுபோவது நம் கால்கள்தான். சேரியிலிருந்தோ, மீனவர் குப்பத்திலிருந்தோ, மில் லைன் வீட்டிலிருந்தோ ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போனால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த ராத்திரியே பத்துப் பேராகப் போங்கள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, எந்த வண்டி, வந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். என்ன வழக்கு என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் தந்தி போலச் சுருக்கமாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள், வக்கீலைப் பிடியுங்கள், ஆட்கொணர்வு மனுப் போடுங்கள்.

ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. பார்வதியின் 13 வருஷத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் அடுத்த ராஜாக்கண்ணு செத்த பிறகு அல்ல, உயிரோடிருக்கும்போதே அவரை நாம் கண்டுபிடிக்க வேண்டும். ரோஜாத் தோட்டத்திலிருந்து யாரும் கிளம்பி வரமாட்டார்கள். நாமே போக வேண்டும்!